மண் சுவருக்குச் சிமெண்ட் பூசலாமா?
வணக்கம். சுடாத மண் கல்லில் பழைய பாணி வீடு கட்டுகிறீர்கள், மழைக்குக் கரையாமலிருக்க வெளிச்சுவருக்குச் சிமெண்ட் பூசலாமா என்று கேட்டிருந்தீர்கள். பூசாதீர்கள். மண் சுவர் ஈரத்தை இழுக்கும், வெயில் வந்ததும் வெளியே விடும். சிமெண்ட் அந்த வழியை அடைத்துவிடும்; மயிரிழை விரிசலில் புகுந்த தண்ணீர் உள்ளேயே தங்கி, பூச்சு பாளம் பாளமாகப் பெயர்ந்து வரும். சுண்ணாம்புக் காரைதான் சரி. என்ன, அவசரப்படக் கூடாது: மெல்லிய பூச்சாக இரண்டு மூன்று தடவை, ஒவ்வொன்றையும் சட்டென்று காயவிடாமல் நனைத்து வைக்க வேண்டும். அதன்மேல் பிளாஸ்டிக் பெயின்ட் அடித்தால் பட்ட பாடெல்லாம் வீண், சுண்ணாம்பே அடியுங்கள்.

அப்புறம், பூச்சைவிட முக்கியம் கூரை. இறவாணம், அதாவது சுவரைத் தாண்டி நிற்கும் கூரை விளிம்பு, இரண்டடியாவது வெளியே நீளட்டும். சுவரின் அடியில் ஒன்றரை அடி உயரம் வரை கருங்கல்லோ சுட்ட செங்கல்லோ வையுங்கள். கூரைத் தண்ணீர் தெறித்துச் சுவரை அரிப்பது அங்கேதான்.