முதல் ஈட்டுக் கத்தி

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஷெஃபீல்டில் புதிதாக ஒரு சிறு பட்டறை, பழைய பாணி மடக்குக்கத்திகள் செய்யத் தொடங்கியிருக்கிறது. முதல் ஈடு இரண்டு மாதத்தில் வருமாம். ஒற்றை அலகு லாம்ப்ஃபுட் ஒன்று, மூன்று அலகு ஸ்டாக்மன் ஒன்று என இரண்டு மாதிரிகள். மான்கொம்புப் பிடி போட்ட ஸ்டாக்மனுக்கு முன்பணம் கட்டிவிட்டேன். நண்பர்களோ, “முதல் ஈட்டில் குறை இருக்கத்தான் செய்யும், இரண்டாவதுக்குக் காத்திரு” என்கிறார்கள். சமையலறைக் கத்திகளைத் தீட்டிப் பழக்கம் உண்டு. இந்த வகை எனக்குப் புதிது. கத்தி கைக்கு வந்ததும் எதைப் பார்க்க வேண்டும்? எந்தக் குறைக்குத் திருப்பி அனுப்பலாம், எதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும்? சட்டைப்பையில் வைத்துக்கொண்டு நடமாடலாமா?

ச., பர்மிங்ஹாம்

அன்புள்ள ச.,

இரண்டாவது ஈட்டுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. ஆனால் முதல் ஈட்டிலேயே மூன்று அலகைக் கேட்டது அவசரம். லாம்ப்ஃபுட்டுக்கு மாற்றித் தருவார்களா என்று இன்றே கேட்டுவிடுங்கள்.

பூட்டு இல்லாத இந்த மடக்குக்கத்தியில் அலகைப் பிடித்துவைப்பது முதுகில் ஓடும் ஸ்பிரிங் மட்டும்தான். ஸ்பிரிங்கின் நுனி, அலகின் அடிக்கட்டையை எப்போதும் அழுத்திக்கொண்டிருக்கும். அந்தக் கட்டைக்கு டாங் என்று பெயர். டாங்கைச் சதுரமாக அராவியிருந்தால் பாதித் திறப்பில் ‘டக்’கென்று நிற்கும், உருட்டி அராவியிருந்தால் நிற்காமல் வழுக்கிப் போகும். இரண்டுமே மரபுதான், எது பிடிக்கும் என்பது அவரவர் விருப்பம். மூடியபோதும், பாதியிலும், முழுக்கத் திறந்தபோதும் ஸ்பிரிங்கின் முதுகு பக்கத்துப் பித்தளைத் தகடுகளோடு ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். அப்படி இருக்க, டாங்கின் மூன்று முகங்களும் அலகு சுழலும் ஆணியிலிருந்து ஒரே தூரத்தில் அமைய வேண்டும். ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு பிசகினாலும் குறுக்கே இழுக்கும் நகம் காட்டிக்கொடுத்துவிடும். இதைப் பார்க்கவே டயல் கேஜ் என்னும் நுண்ணளவு காட்டி பொருத்திய ஒரு கருவியைப் பட்டறைகளில் வைத்திருக்கிறார்கள்.

ஒற்றை அலகில் மூன்று நிலை என்றால் மூன்று அலகில் ஒன்பது. ஸ்டாக்மனில் இருப்பதோ இரண்டே ஸ்பிரிங், அதனால் ஒன்றை இரண்டு அலகுகள் பங்குபோட வேண்டும். ஒரே பள்ளத்தில் அவை ஒன்றையொன்று உரசாமல் படுக்க, டாங்குக்கு அருகே அலகை மிக லேசாக வளைப்பார்கள். கிரிங்க் என்பது அந்த வளைவுதான். கூடினால் அலகு தகட்டில் தேய்க்கும், குறைந்தால் பக்கத்து அலகில் கீறும். கை பழகும் முன் பிசகுவது பெரும்பாலும் இந்த இடத்தில். லாம்ப்ஃபுட்டில் வளைக்கவும் எதுவுமில்லை, மறைக்கவும் எதுவுமில்லை. ஓர் அலகு, ஒரு ஸ்பிரிங். செய்தவருடைய கை அதில் அப்படியே தெரியும்.

புதிய நிறுவனம் என்றால் புதிய கை என்று பொருளல்ல, அதையும் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் பென்சில்வேனியாவின் டைட்டஸ்வில்லில் 2006-இல் கிரேட் ஈஸ்டர்ன் கட்லரி தொடங்கியது. தொடங்கியவர்களில் ஒருவரான பில் ஹோவர்ட், அதே ஊரின் குயின் கட்லரியில் வேலை பார்த்தவர். நிறுவனம்தான் புதிது, அனுபவம் பழையது. ஆகவே உங்கள் ஷெஃபீல்டுக்காரர்களிடம் பெட்டி, முத்திரை எல்லாம் எப்படி இருக்கும் என்று கேட்காதீர்கள். டாங்கை அராவுவது யார், எஃகைச் சூடேற்றிக் கடினமாக்கும் தோய்ச்சல் கொடுப்பது யார், உள்ளேயா வெளியேயா, ஸ்பிரிங் உடைந்தால் மாற்றித் தருவீர்களா என்று கேளுங்கள். மறுமொழி மழுப்பலாக வந்தால் முன்பணத்தை விட்டுவிடுவது மேல்.

கத்தி வந்ததும் உடனே திறந்து மூடி விளையாடத் தோன்றும். கொஞ்சம் பொறுங்கள். மூட்டுக்குள் மெருகேற்றிய பொடியும் உலோகத் துகளும் இருக்கும், அதோடு ஆட்டினால் டாங்கின் பளபளப்பில் கீறல் விழும். டபிள்யூடி-40 என்னும் தெளிப்பெண்ணெயைப் பீய்ச்சி, மூட்டைக் கீழ்நோக்கிப் பிடித்து, இருபது முப்பது முறை மெல்லத் திறந்து மூடுங்கள். கறுப்பாக வழியும். தெளிவாக வரும்வரை துடைத்துத் துடைத்துச் செய்து, பிறகு உண்ணத் தகுந்த மினரல் ஆயில் ஒரே ஒரு சொட்டு. சமையல் எண்ணெய் மட்டும் வேண்டாம், நாளடைவில் பிசுபிசுத்துப் பிசினாகிவிடும்.

அப்புறம் வெளிச்சத்தில் பிடியுங்கள். ஸ்பிரிங்குக்கும் தகட்டுக்கும் இடையே மயிரிழை வெளிச்சம் தெரிந்தால் அது அழகுக் குறை, பொறுக்கலாம். அலகை முழுக்கத் திறந்து, நுனியை இரு விரலால் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். சற்றே நெளிந்தால் அது எஃகின் நெளிவு. மூட்டிலேயே ‘டிக் டிக்’ என்று தட்டினால் ஆணியின் தலையைச் சரியாகத் தட்டவில்லை என்று அர்த்தம். திருப்பி அனுப்புங்கள். நீங்களே சுத்தியலால் தட்டி இறுக்கப் போனால் பிடி விரிசல் விடும். அது ஏற்கெனவே விரிந்திருக்கிறதா என்பதையும் ஆணிகளைச் சுற்றி லென்ஸ் வைத்துப் பாருங்கள். ஆணியிலிருந்து கிளம்பும் விரிசல் நிற்காது, வளரும்.

பலரும் தவறவிடுவது ஒன்று உண்டு. அலகின் வெட்டும் வாய், மூடும்போது ஸ்பிரிங்கின் மேல் இடிக்கக் கூடாது. அதைத் தடுக்க டாங்கின் அடியில் ஒரு சிறு முட்டு இருக்கும். கிக் என்பார்கள். அதை அதிகமாக அராவிவிட்டால் அலகு ஆழமாக இறங்கி, வாயின் நடுப்பகுதி ஸ்பிரிங்கில் அடிபடும். மெல்ல மூடிப் பார்த்தால் தெரியாது. ஸ்பிரிங்கின் வேகத்தில் ‘சடக்’கென்று மூடும்போதுதான் இடிக்கும். நாளிதழில் விரலகலக் கீற்று ஒன்றைக் கிழித்துப் பள்ளத்தின் அடியில் நீளவாக்கில் படுக்கவைத்து, அலகைச் சடக்கென மூட விடுங்கள். எடுத்துப் பாருங்கள். கீற்றில் வெட்டுத் தழும்பு இருந்தால் நீங்கள் எவ்வளவு தீட்டினாலும் அந்த இடம் மழுங்கிக்கொண்டே இருக்கும். பள்ளத்தில் மெல்லிய தோல் துண்டு ஒட்டி ஒப்பேற்றுகிறவர்கள் உண்டு. புதுக் கத்திக்கு அதெல்லாம் தேவையில்லை, திருப்பி அனுப்பும் குறை இது.

திறக்க எவ்வளவு பலம் வேண்டும் என்பதை ஒன்று முதல் பத்து வரை மதிப்பெண்ணாகச் சொல்வார்கள். ஐந்து ஆறு சுகம். எட்டுக்கு மேல் போனால் நகம் பெயரும். பழகப் பழக ஒரு படி இறங்கும், அதற்கு மேல் எதிர்பார்க்காதீர்கள். இறுக்கமான ஸ்பிரிங்தான் நல்ல ஸ்பிரிங் என்ற பேச்சை நான் ஏற்பதில்லை.

எஃகு என்னவென்று நீங்கள் சொல்லவில்லை. பெரும்பாலும் ஓ1 அல்லது 1095 ஆக இருக்கலாம். இரண்டுமே துருப்பிடிக்கும் கார்பன் எஃகு. 1095-இல் கார்பன் ஒரு சதவீதத்தை ஒட்டி இருக்கும். கடினத்தை ராக்வெல் அளவுகோலில் 56 முதல் 59 வரை வைப்பது வழக்கம். ஸ்பிரிங்குக்கு அவ்வளவு கடினம் ஆகாது, மறுசூடு கூடுதலாகக் கொடுத்து இளக்கியிருக்க வேண்டும். இளக்காத ஸ்பிரிங் ஒரு குளிர்காலக் காலையில் இரண்டாக முறியும், அளவுக்கு மீறி இளக்கியது வளைந்தபடியே நின்று தொய்ந்துவிடும். இது பார்த்தால் தெரியாது என்பதால்தான் மாற்றித் தருவார்களா என்று முன்கூட்டியே கேட்கச் சொன்னேன்.

ஆப்பிளும் எலுமிச்சையும் நறுக்க நறுக்க அலகு சாம்பல் நீலமாக மாறும். அது நல்லது, பளபளப்பாக்கத் தேய்க்காதீர்கள். செம்பழுப்பாகப் புள்ளி விழுந்தால்தான் துரு; எண்ணெய் தொட்ட மெல்லிய எஃகுப் பஞ்சால் உடனே எடுத்துவிடலாம். தீட்டும் கோணம் பக்கத்துக்கு 15 முதல் 20 டிகிரி. லாம்ப்ஃபுட்டின் வாய் நேர்கோடாக இருப்பதால் கல்லில் தட்டையாக இழுத்தாலே போதும். சமையலறைக் கத்தி தீட்டிப் பழகிய உங்களுக்கு அரை நாள் வேலைகூட இல்லை.

மான்கொம்பு பற்றி. இந்தத் தொழில் நெடுங்காலம் நம்பியிருந்தது இந்தியக் கடமான் கொம்பை, நம் தென்மாவட்டங்களில் மிளா என்கிறோமே, அதை. உள்ளே சோறு, அதாவது பஞ்சு போன்ற நடுப்பகுதி, குறைவு, கெட்டி அதிகம், அதனால்தான் அந்த மவுசு. இந்தியா ஏற்றுமதியைத் தடைசெய்த பிறகு பழைய இருப்புதான் சுற்றுகிறது. மற்ற மான்களின் கொம்பில் சோறு கூடுதல். எந்த மானுடையது என்று கேளுங்கள். என்னைக் கேட்டால் மாட்டெலும்பே போதும். கொம்பின் மேடுபள்ளத்தை பிடியின் முனையில் இருக்கும் நிக்கல் சில்வர் பூணோடு மட்டம் சேர்ப்பது தேர்ந்த கைக்கே சிரமம்.

கடைசிக் கேள்விக்கு: இங்கிலாந்தில் 1988-ஆம் ஆண்டின் குற்றவியல் நீதிச் சட்டம், வெட்டும் வாய் 3 அங்குலத்துக்கு மேற்படாத மடக்குக்கத்தியைக் காரணம் சொல்லாமலே வைத்துக்கொள்ள அனுமதிக்கிறது. பூட்டு உள்ளது இதில் சேராது, உங்களுடையதில் பூட்டு இல்லை. ஆனால் பெரிய ஸ்டாக்மன்களின் முதன்மை அலகு 3 அங்குலத்தைத் தாண்டுவது உண்டு. மாற்றித் தர மறுத்தார்களானால், அந்த அலகின் நீளத்தையாவது அவர்களிடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.