காணி உறுதியைப் பெட்டிக்குள் வையுங்கள், அம்மா

கொக்குவிலில் இருந்து வந்த அந்த அம்மா காணி உறுதியின் பிரதியையும் கையோடு கொண்டு வந்திருந்தார். மகளுக்குப் பொறியியல் வெட்டுப்புள்ளி மயிரிழையில் தவறிவிட்டது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் பௌதிக விஞ்ஞானத்துக்கு இடம் கிடைத்திருக்கிறது. ரொறன்ரோவில் இருக்கும் பெரிய மாமாவோ, "காசு கட்டியாவது கொழும்பிலை எஞ்சினியராக்கு" என்று இரவிரவாக அழைப்பெடுக்கிறாராம்.

அம்மா, உங்கள் பயம் எனக்கு விளங்குகிறது. ஆனாலும் சொல்கிறேன், காணியை ஈடு வைக்காதீர்கள். மாமா வாக்குத் தந்திருப்பது முதல் வருடக் கட்டணத்துக்கு மட்டும். மிச்சக் கட்டணமும் வட்டியும் உங்கள் தலையில்தான் விழும். அவ்வளவும் மகள் ஒருநாளும் கேட்காத ஒரு படிப்புக்காக.

நாங்கள் கதைத்த அரை மணித்தியாலமும் அவள் வாய் திறக்கவில்லை. 'ஆர்' என்ற புள்ளிவிபர மென்பொருளைப் பற்றிக் கேட்டதும்தான் முகம் மாறியது. விவசாய பீடத்தில் படிக்கும் மச்சாள், வலிகாமத்துக் கிணறுகளின் நைத்திரேற்று அளவுகளைச் சேர்த்திருக்கிறாள். அதே கோப்பு, அதே கட்டளைகள், ஆனால் வீட்டுக் கணினியில் ஒரு சராசரி, ஆய்வுகூடத்தில் வேறொன்று. உங்கள் மகள் இரண்டு இரவு இருந்து காரணத்தைப் பிடித்தாள்.

ஒரு கலத்தில் யாரோ "இல்லை" என்று எழுதியிருந்தார்கள். அதனால் அந்த நிரல் முழுவதையும் ஆர் எழுத்தாக வாசித்துவிட்டது. 2020இல் 4.0.0 பதிப்பு வரும்வரை, இப்படி வாசித்த எழுத்து நிரலை ஆர் தானாகவே 'ஃபாக்டர்' ஆக்கிவிடும், அதாவது வெவ்வேறு பதிவுகளை வகைகளாக எடுத்து ஒவ்வொன்றுக்கும் ஓர் இலக்கம் கொடுத்துவிடும். ஆய்வுகூடத்தில் இருந்தது பழைய பதிப்பு. 8, 12, 45 என்ற அளவுகளை அது எழுத்துவரிசையில் 12, 45, 8 என அடுக்கி 1, 2, 3 என்று இலக்கமிடும். நேரடியாக எண்ணாக மாற்றினால் அந்த இலக்கங்கள்தான் வெளியே வரும். ஆகக் குறைந்த 8, ஆகக் கூடிய 3 ஆகிவிடும். பிழைச்செய்தி எதுவும் வராது. முதலில் எழுத்தாக்கிப் பிறகு எண்ணாக்க வேண்டும் என்று அவளே கண்டுபிடித்திருக்கிறாள்.

இன்னொரு நாள் ஊர்ப்பெயர் நிரலையே காணவில்லை என்று ஆர் சொல்லியிருக்கிறது. நிரல் கண்ணுக்கு முன்னால் இருக்கிறது! வேண்டிய நிரைகளை மட்டும் பிரித்தெடுக்கும் 'ஃபில்டர்' கட்டளையைக் கொடுத்தவள், அந்தக் கட்டளை இருக்கும் 'டிப்ளையர்' என்ற பக்கேஜை, அதாவது ஆரோடு சேர்க்கும் துணைத் தொகுப்பை, ஏற்ற மறந்ததுதான் காரணம். அதே பெயரில் ஆரின் சொந்த 'ஸ்டட்ஸ்' பக்கேஜிலும் ஒரு கட்டளை உண்டு. அது காலத்தொடர்களுக்கானது, அழைப்பு அங்கே போய்விட்டது. பலர் இந்த இடத்தில் கோப்பைத் திரும்பத் திரும்பத் திறந்து பார்த்துக் களைத்துப்போவார்கள். இவள் எந்தப் பக்கேஜ் பதில் சொல்கிறது என்று பார்த்தாள்.

இந்தக் குணத்தைக் காசு கட்டி வாங்க முடியாது, அம்மா. மருத்துவ ஆய்வு, பயிர் ஆய்வு, தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம் என்று தரவு குவிகிற இடமெல்லாம் கணக்கு எங்கே பிழைத்தது என்று பிடிக்கத் தெரிந்த ஆள் தேவை. அதற்கான கருவியும் இலவசம். நியூசிலாந்தின் ஓக்லாந்து பல்கலைக்கழகத்தில் ரொஸ் இஹாக்காவும் ரொபேர்ட் ஜென்டில்மனும் தொடக்கிய ஆரை எவரும் தரவிறக்கலாம். பெரிய கணினியும் தேவையில்லை.

ஆனால் மகளுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். ஆர் தெரிந்தால் மட்டும் போதாது, பிள்ளை. பாடத் தெரிவில் புள்ளிவிபரவியலை விட்டுவிடாதே. நிகழ்தகவும் மாதிரியெடுப்பும் ஒழுங்காகப் படி. "மூன்றே மாதத்தில் தரவு விஞ்ஞானி" என்று விளம்பரம் போடும் வகுப்புகளுக்கு ஒரு சதமும் கட்டாதே. வரும் ஒவ்வொரு பிழையையும், திருத்திய விதத்தையும் திகதியோடு ஒரு கொப்பியில் எழுது. நாளைக்கு நேர்முகத்தேர்வில் காட்ட அதுவே போதும்.

மாமாவுக்கு நான் கதைக்கிறேன், இலக்கத்தைத் தாருங்கள். நீங்கள் திங்கட்கிழமை மகளோடு போய்ப் பல்கலைக்கழகப் பதிவை முடியுங்கள்.