எந்த ஆப் நல்லது சார்? குமரி மாவட்டப் பயிற்சி ஆசிரியர்களின் கேள்விகளும் பதில்களும்

பி.எட். படிப்பவர்கள் 16 வாரப் பயிற்சிக்குப் பள்ளிக்கூடங்களுக்குக் கிளம்பும் பருவம் வந்துவிட்டது. அதுவரை ‘சார், உளவியலர் பியாஜே பற்றிப் பத்து மார்க்குக்கு எவ்வளவு எழுதணும்’ என்று கேட்டவர்கள், இப்போது ‘எந்த ஆப் நல்லது’ என்று கேட்கிறார்கள். அண்மையில் வந்தவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

கல்லூரியில் நடந்த பயிலரங்கில் இருபதுக்கு மேல் ஆப் சொன்னார்கள். எல்லாவற்றையும் செல்பேசியில் ஏற்றிவிட்டேன். அடுத்த வாரம் ஒன்பதாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்க வேண்டும். எதிலிருந்து தொடங்குவது?
(பயிற்சி ஆசிரியை, தக்கலை)

முதலில் பதினெட்டை அழித்துவிடுங்கள், போனுக்கும் மூச்சு விடும். அப்புறம் உங்கள் பாடக்குறிப்பை எடுத்து வரிவரியாகப் பாருங்கள். ‘இப்படி இருக்குன்னு நினைச்சுக்கோங்க’ என்று பிள்ளைகளிடம் கெஞ்ச வேண்டிய இடம் ஒன்று எங்காவது வரும். கருவி அங்கே மட்டும்தான் வேண்டும். மற்ற இடங்களில் சாக்பீஸ் போதும்.

அரைவட்டத்தில் அமையும் கோணம் செங்கோணம் என்பதை எடுத்துக்கொள்வோம். கரும்பலகையில் ஒரு படம் போடலாம், இரண்டு போடலாம், மூன்றாவது வட்டம் கோழிமுட்டை ஆகிவிடும். ஜியோஜீப்ரா என்ற கணித மென்பொருளில் ஒரு வட்டம், அதற்கு ஒரு விட்டம், வட்டத்தின்மேல் ஒரு புள்ளி வைத்துக் கோணத்தை அளக்கச் சொல்லுங்கள். புள்ளியைப் பிடித்து இழுக்க இழுக்க 90 அப்படியே நிற்கும். இழுப்பது நீங்களாக இருக்கக் கூடாது. கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பையனைக் கூப்பிட்டு, ‘கூடுமா குறையுமா, சொல்லிவிட்டு இழு’ என்று சொல்லுங்கள். பிறகு வேறொரு புள்ளியை வட்டத்துக்கு உள்ளே வைத்தால் 90-க்கு மேலே போகும், வெளியே வைத்தால் கீழே வரும். அந்த நேரத்தில் வகுப்பில் ஒரு சத்தம் எழும் பாருங்கள், அதற்காகத்தான் இத்தனை பாடும்.

ஒரு சின்னக் கண்ணி இருக்கிறது. புள்ளியை விட்டத்தின் மறுபக்கத்துக்கு இழுத்தால் திடீரென்று 270 என்று காட்டும். நான் முதல்தடவை வகுப்பில் காட்டியபோது இதில் மாட்டிக்கொண்டு அசடு வழிந்தேன். கோணத்தின் அமைப்பில் (செட்டிங்ஸ்) போய் 0 முதல் 180 வரை என்று முன்பே மாற்றிவையுங்கள்.

நூறு இடத்தில் 90 வந்தாலும் அது நிரூபணம் ஆகாது. ஆரங்களை வரைந்து, இரண்டு இருசமபக்க முக்கோணங்களைக் காட்டி, ஏன் என்று விளக்குவதற்குத் திரும்பவும் கரும்பலகைக்குத்தான் வர வேண்டும். இன்னொன்று, இந்த மென்பொருளே 2001-இல் மார்க்குஸ் ஹோஹன்வார்ட்டர் என்பவர் ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் தம் முதுகலை ஆய்வுக்காகத் தொடங்கியதுதான். ஆகவே ‘நான் மாணவிதானே’ என்று ஒதுங்காதீர்கள்.

எனக்குக் கிடைத்த பள்ளி பேச்சிப்பாறைக்கு மேலே. டவர் இருந்தால் இருக்கும், மழை வந்தால் போய்விடும். அறிவியல் பாடத்துக்கு என்ன செய்யலாம்?
(குலசேகரம்)

வேண்டியதை வீட்டிலேயே இறக்கிக்கொண்டு போங்கள். அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகம் (போல்டர்) நடத்தும் ‘ஃபெட்’ தளத்தில் உள்ள, திரையிலேயே செய்து பார்க்கும் பாவனைச் சோதனைகளை ஒவ்வொன்றாக ஒரே கோப்பாக இறக்கலாம். மடிக்கணினியின் உலாவியில் திறந்தால் போதும், இணையம் கேட்காது. நோபல் பரிசு பெற்ற இயற்பியலர் கார்ல் வீமன் 2002-இல் தொடங்கியது, காசு கிடையாது. பல சோதனைகள் தமிழிலும் இருக்கின்றன. மின்சுற்றுக் கட்டும் சோதனையை அவசியம் எடுத்துப்போங்கள். கம்பிக்குள் எலக்ட்ரான் நகர்வதை எந்த ஆய்வகத்திலும் கண்ணால் காட்ட முடியாது, இதில் காட்டலாம். ஆனால் பேட்டரியும் பல்பும் கையில் இருந்தால் முதலில் அதை எரியவிட்டுக் காட்டிவிட்டே திரைக்கு வாருங்கள்.

பாடநூலில் உள்ள கியூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்தால் வரும் திக்‌ஷா காணொளிகளையும் செயலிக்குள்ளேயே இறக்கி வைத்துக்கொள்ளலாம். பள்ளிக் கல்வித் துறையின் மணற்கேணி செயலியையும் பாருங்கள், தமிழ் அசைபடங்கள் அதில் நன்றாகவே இருக்கின்றன. ஐந்து நிமிடக் காணொளியை இரண்டு இடத்தில் நிறுத்திக் கேள்வி கேளுங்கள். முழுதாக ஓடவிட்டு நீங்கள் ரெக்கார்டு எழுத உட்கார்ந்தால், கைடு டீச்சர் பின்னால் நிற்பதைக் கடைசியில்தான் பார்ப்பீர்கள்!

வகுப்பில் 42 பேர். செல்பேசி என்னிடம் மட்டும். காஹூட் போல வினாடி வினா நடத்த வழி உண்டா?
(குளச்சல்)

காஹூட்டுக்குப் பிள்ளைகள் கையிலும் கருவி வேண்டும். உங்களுக்கு ஏற்றது பிளிக்கர்ஸ் என்ற ஆப். ஒவ்வொருவருக்கும் ஓர் அட்டை. அதில் கறுப்புக் கட்டங்களாக ஓர் உருவம், நாலு பக்கமும் ஏ, பி, சி, டி என்று பொடி எழுத்து. தன் விடை எழுத்து மேலே வரும்படி பிள்ளை அட்டையைத் தூக்கிப் பிடிக்கும். நீங்கள் செல்பேசிக் கேமராவை மெதுவாக வகுப்பைச் சுற்றிக் காட்டினால் யார் என்ன சொன்னார்கள் என்று திரையில் விழும். ஒவ்வோர் அட்டையும் வேறு வேறு உருவம் என்பதால் பக்கத்தில் எட்டிப் பார்த்துப் பயனில்லை. கை தூக்கவே கூச்சப்படும் பிள்ளையும் இதில் பதில் சொல்லிவிடும், எனக்கு இது பிடித்ததே அதனால்தான்.

சாதாரணத் தொகுப்பில் 40 அட்டைதான், உங்களுக்கு இரண்டு குறையும். 63 அட்டை உள்ள பெரிய தொகுப்பை அச்செடுங்கள். கெட்டி அட்டையில் எடுத்தால் போதும். பளபளவென்று லேமினேஷன் போட்டுவிட்டால் ஜன்னல் வெளிச்சம் பட்டு கேமரா திணறும். கேள்வியைக் கரும்பலகையில் எழுதலாம், புரொஜெக்டர் தேவையில்லை.

வீட்டில் தயாரித்த தமிழ் வினாத்தாள், பள்ளிக் கணினியில் திறந்தால் புரியாத எழுத்தாக வருகிறது.
(மார்த்தாண்டம்)

பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்திருப்பீர்கள். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அது ஆங்கிலக் குப்பையாகத்தான் தெரியும். எந்தக் கணினியிலும் தெரியும் யூனிகோடில் அடியுங்கள், தமிழ்99 விசைப்பலகை ஒரு வாரத்தில் கைக்கு வந்துவிடும். குரல்வழித் தட்டச்சும் பரவாயில்லை, ஆனால் நம் ஊர்ப் பேச்சைக் கேட்டால் கொஞ்சம் முழிக்கிறது. அதனிடம் மட்டும் செய்தி வாசிப்பவரைப் போலப் பேசுங்கள்.

செயற்கை நுண்ணறிவிடம் சமூக அறிவியல் பாடக்குறிப்பு எழுதி வாங்கினேன். அழகாக இருக்கிறது. அப்படியே கொடுக்கலாமா?
(நாகர்கோவில்)

அழகாக இருப்பதுதான் ஆபத்து. நானும் நம் மாவட்டத்தைப் பற்றி ஒரு பாடம் கேட்டுப் பார்த்தேன். 1956 நவம்பர் 1 அன்று குமரி ‘தமிழ்நாடு மாநிலத்துடன்’ இணைந்தது என்று எழுதித் தந்தது. தேதி சரி. ஆனால் அன்றைக்கு அதன் பெயர் சென்னை மாநிலம். தமிழ்நாடு என்று பெயர் மாறியது 1969-இல். பேச்சில் எல்லோரும் அப்படித்தான் சொல்கிறோம், வரலாற்று வகுப்பில் சொல்லக் கூடாது. 1741 குளச்சல் போரைக் கேட்டால், டச்சுத் தளபதி டி லனாய் சிறைப்பட்ட பிறகு திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் படைக்கே பயிற்சி கொடுத்தார் என்ற சுவையான பகுதியை விட்டுவிட்டுப் பொதுவாக ஏதோ நீட்டியது. அவர் கல்லறை உதயகிரிக் கோட்டையில் இருக்கிறது, நாகர்கோவிலிலிருந்து பஸ் ஏறினால் போய்ப் பார்த்துவிடலாம்.

கேள்விகள் வேண்டுமென்றால் கேளுங்கள். பத்துக் கேள்வி தரும், மூன்று தேறும். ஆண்டு, பெயர், இடம் மூன்றையும் பாடநூலோடு ஒத்துப்பார்க்காமல் வகுப்புக்குள் கொண்டுபோகாதீர்கள்.

வகுப்பில் எடுத்த படங்களை வாட்ஸ்ஆப் ஸ்டேட்டஸில் வைக்கலாமா?
(அருமனை)

வேண்டாம். ரெக்கார்டுக்குப் படம் தேவையென்றால் தலைமையாசிரியரிடம் கேட்டுவிட்டு, பிள்ளைகளின் முகம் தெரியாமல் எடுங்கள். 2023-இல் வந்த தனிநபர் மின்தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிரம்பாதவரைக் குழந்தை என்கிறது, பெற்றோர் ஒப்புதலையும் கேட்கிறது. பிள்ளைகளின் பெயர், பிறந்த தேதி போட்டு கணக்குத் தொடங்கச் சொல்லும் ஆப்களிலும் கவனம். வரிசை எண்ணே போதும்.

புவியியலில் சூரியனின் தோற்ற நகர்வை எடுக்க வேண்டும். உள்ளூர் உதாரணம் சொல்லுங்கள்.
(கன்னியாகுமரி)

இதைவிட நல்ல ஊர் உங்களுக்குக் கிடைக்காது! மே, ஜூனில் வரும் சுற்றுலாப் பயணிகள், ‘அஸ்தமனமும் கடலில் தெரியும்னு சொன்னாங்களே’ என்று ஏமாந்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்த மாதங்களில் சூரியன் மேற்கிலிருந்து வடக்கே விலகிக் கரைக்குப் பின்னால் மறையும். டிசம்பரில் தெற்கே வந்து கடலிலேயே இறங்கும். வகுப்பில் அதை ஸ்டெல்லேரியம் என்ற வானக்காட்சி மென்பொருளில் காட்டுங்கள். இலவசம், இணையமும் தேவையில்லை. இடம் கன்னியாகுமரி, நேரம் மாலை என்று வைத்துக்கொண்டு, டிசம்பர் 22-லிருந்து ஜூன் 21 வரை தேதியை மட்டும் தள்ளிக்கொண்டே வாருங்கள். சூரியன் மறையும் இடம் அடிவானத்தில் சுமார் 47 பாகை நகர்வதைப் பிள்ளைகள் கண்ணால் பார்ப்பார்கள். ஆறு மாதத்தை ஆறு நிமிடமாக்கக் கரும்பலகையால் முடியாது.

நண்பகலுக்கு மட்டும் வெளியே கூட்டிப்போங்கள். நம் ஊர் வடக்கே 8 பாகையில் இருப்பதால் ஏப்ரல் இரண்டாம் வாரத்திலும் செப்டம்பர் முதல் தேதியை ஒட்டியும் சூரியன் நேர் உச்சிக்கு வரும். ஏப்ரலில் பரீட்சைக் களேபரம், செப்டம்பர்தான் வசதி. மைதானத்தில் ஒரு கம்பை நட்டு, பன்னிரண்டு மணியிலிருந்து ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை நிழலின் நுனியில் கல் வைக்கச் சொல்லுங்கள். பன்னிரண்டு இருபதை ஒட்டி நிழல் கம்புக்கு அடியிலேயே ஒளிந்துகொள்ளும். மேகம் மூடிவிட்டால் திரும்ப ஸ்டெல்லேரியம், அல்லது மறுநாள் அதே கம்பு.