பெட்டியில் 1 எம்எஸ், திரையில் கறுப்பு வால்: வழக்கு நிற்குமா?

கேள்வி: ஏற்காட்டில் வீட்டிலிருந்தே கல்யாண வீடியோ எடிட்டிங் செய்கிறேன். சேலம் ஐந்து ரோடு பக்கம் ஒரு கடையில் 15,800 ரூபாய்க்கு 27 இன்ச் மானிட்டர் வாங்கி மூன்று வாரம் ஆகிறது. பெட்டியில் ‘ரெஸ்பான்ஸ் டைம் 1 எம்எஸ்’ என்று பெரிதாக இருக்கிறது. ஆனால் இருட்டான காட்சியில் ஆள் நடந்தால் பின்னாலேயே கறுப்பு வால் இழுபடுகிறது. ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது’ என்று பில்லைக் காட்டுகிறார் கடைக்காரர். சர்வீஸ் ஆளோ கோளாறு இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டார். வழக்குப் போடலாமா?

பதில்: போடலாம். ஆனால் ‘மானிட்டர் பழுது’ என்று மட்டும் போனால், சர்வீஸ் ஆள் கொடுத்த சீட்டே உங்களுக்கு எதிராக நிற்கும். விளம்பரம் ஏமாற்றியது என்பதை முன்னால் வையுங்கள்.

முதலில் பெட்டியை மறுபடி பாருங்கள். 1 எம்எஸ் (மில்லி செகண்ட்) பக்கத்தில் பொடி எழுத்தில் ஜிடிஜி என்று இருக்கிறதா, எம்பிஆர்டி என்று இருக்கிறதா? ஒரு பிக்சல் ஒரு சாம்பல் அளவிலிருந்து இன்னொன்றுக்கு மாற எடுக்கும் நேரம்தான் ஜிடிஜி. அதிலும் வழக்கமாக மாற்றத்தின் 10 முதல் 90 சதவீதம் வரைதான் அளப்பார்கள். பல மாற்றங்களில் வேகமான ஒன்றை எடுத்துப் பெட்டியில் போடுவதும் உண்டு. எம்பிஆர்டி வேறு சமாசாரம்; நகரும் படம் கண்ணுக்கு எவ்வளவு மங்கலாகத் தெரிகிறது என்பதன் அளவு. பின்விளக்கை அணைத்து அணைத்து எரியவிட்டாலே அந்த எண் இறங்கிவிடும். பிக்சல் வேகமாக மாறியது என்று அர்த்தமில்லை. 60 ஹெர்ட்ஸில், அதாவது நொடிக்கு 60 முறை திரை மாறினால், ஒரு ஃப்ரேமுக்கு 16.7 மில்லி செகண்ட். அதற்குள் மாறி முடிக்காத பிக்சல் அடுத்த ஃப்ரேமிலும் எச்சம் விடும். நீங்கள் சொல்லும் கறுப்பு வால், விஏ என்ற வகை எல்சிடி பேனல்களுக்குப் பழைய வியாதி.

2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் ‘விளம்பரம்’ என்பதில் லேபிளும் பொருளைச் சுற்றிவரும் உறையும் அடக்கம். முக்கியமான தகவலை வேண்டுமென்றே மறைப்பதும் பிரிவு 2(28)படி தவறான விளம்பரமே. எந்த அளவு என்று சொல்லாமல் வெறும் 1 எம்எஸ் என்று போட்டிருந்தால் உங்கள் கை ஓங்கும். எம்பிஆர்டி என்று கண்ணுக்குத் தெரிகிற மாதிரி அச்சிட்டிருந்தால், சொல்லிவிடுகிறேன், வழக்கு பலவீனம்தான்.

பெட்டி, பில், சர்வீஸ் சீட்டு எதையும் தூக்கிப் போடாதீர்கள். ஃபோனில் ஸ்லோ மோஷனில் வீடியோ எடுங்கள். மெனுவில் ஓவர்டிரைவ் (பிக்சலை வேகமாக மாறவைக்கும் செட்டிங்) எந்த நிலையில் இருக்கிறது என்பதும் அதில் தெரியட்டும். அதை உச்சத்தில் வைத்தால் வெளிறிய எதிர்நிழல் வரும். எதிர்த்தரப்பு பழியை உங்கள் செட்டிங் மேல் போட்டுவிடும்.

பில்லில் உள்ள அந்த வரிக்குப் பயப்பட வேண்டாம். குறையுள்ள பொருளைத் திரும்ப வாங்க மறுப்பதே முறையற்ற வணிக நடைமுறை; பில்லில் கெடு எதுவும் இல்லாவிட்டால் 30 நாள் கணக்கு. உங்களுக்கு இன்னும் ஒரு வாரம்தான் இருக்கிறது. இன்றே கடைக்கும் கம்பெனிக்கும் பதிவுத் தபாலில் எழுதுங்கள்.

‘தொழிலுக்கு வாங்கியவர் நுகர்வோர் இல்லை’ என்று வாதிடுவார்கள். சொந்த உழைப்பில் பிழைப்புக்காக வாங்கியதற்குச் சட்டமே விலக்கு தருகிறது. ஆட்களை வைத்து ஸ்டுடியோ நடத்தினால் கதை வேறு.

அப்புறம், சேலம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுக்குள் மனு போடலாம். ஐந்து லட்சம் வரை கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை. அதற்கு முன் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு ஒரு ஃபோன் போட்டுப் பாருங்கள். சில கம்பெனிகள் அதிலேயே இறங்கி வரும். பழுது என்று வாதம் போனால் ஆணையம் ஆய்வகச் சோதனைக்கு அனுப்பலாம். அந்தச் செலவை முதலில் கட்ட வேண்டியவர் நீங்கள்.