அப்பாவின் டிஎக்ஸ்7: கடிதமும் பதிலும்

வணக்கம் அண்ணா,

அப்பா இசைக்குழுவில் வாசித்த யமஹா டிஎக்ஸ்7 என்ற மின்னணு கீபோர்ட் வீட்டில் இருக்கிறது. திருவிழாக் கச்சேரிகளுக்காக நாகஸ்வரம், உடுக்கு போன்ற ஒலிகளை அவரே அதில் அமைத்து வைத்திருந்தார். இப்போது திரையில் இரண்டு மூன்று ஒலிகளின் பெயர் தாறுமாறாக வருகிறது. திருத்துபவர் பற்றரி மாற்ற வேண்டும் என்கிறார். பழைய சாமான், விற்றுவிடுங்கள் என்றும் சொல்கிறார். என்ன செய்யட்டும்?

ஒரு வாசகர், உப்புவெளி

அன்புள்ள தம்பி,

விற்க வேண்டாம். பற்றரியையும் இப்போதே கழற்ற விடாதீர்கள். அதைக் கழற்றிய நொடியில் அப்பாவின் ஒலிகள் எல்லாம் போய்விடும். கம்பனி ஒலிகளை யாரும் திரும்ப ஏற்றித் தரலாம், அப்பா அமைத்ததை யாராலும் தர முடியாது.

1983இல் வந்த இந்தக் கருவிக்குள் பதிவு செய்த சத்தம் எதுவும் இல்லை. ஒவ்வொரு ஒலியும் 145 எண்கள், அவற்றோடு 10 எழுத்தில் ஒரு பெயர், அவ்வளவுதான். அப்படி 32 ஒலிகளை உள்ளே இருக்கும் சிஆர்2032 பற்றரிதான் காத்து வருகிறது. அதன் வோல்ட் இறங்கும்போது எண்கள் கலைகின்றன. கலைந்தவை போயிருக்கலாம். மிச்சத்தை மிடி (இசைக்கருவியையும் கணினியையும் இணைக்கும் வழி) மூலம் கணினிக்கு எடுத்துவிடுங்கள். அதற்கு முன் ஃபங்ஷன் பொத்தானை அழுத்தி, 8ஆம் எண்ணில் ‘சிஸ் இன்ஃபோ’ என்பதை ‘அவெய்ல்’ ஆக்க வேண்டும். இதைச் செய்யாமல் மிடி பழுது என்று முடிவுகட்டியவர்கள் நிறையப் பேர். மலிவான மிடி கேபிள்கள் இடையில் சில பைட்டுகளைத் தின்றுவிடும், அதனால் வந்த ஃபைல் சரியாக 4104 பைட் இருக்கிறதா என்று பாருங்கள். கணினி கிடைக்காவிட்டால் நாகஸ்வரத்தின் எண்களையாவது ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். அலுப்பான வேலைதான், ஆனால் அதை வைத்தே அந்த ஒலியை மறுபடி உண்டாக்கலாம். அப்பாவிடம் ரேம் காட்ரிஜ் (ஒலிகளைச் சேமிக்கக் கருவியில் செருகும் சிறு பெட்டி) ஏதும் இருந்தால் அதற்குள்ளும் ஒரு பற்றரி உண்டு, அதையும் கவனியுங்கள்.

அப்புறம் பற்றரி. பழையது போர்டில் ஈயம் வைத்துப் பற்றியிருக்கும். புதியதையும் அப்படியே பற்ற வேண்டாம், ஒரு பற்றரி ஹோல்டர் வைத்துத் தரச் சொல்லுங்கள். அடுத்த முறை நீங்களே மாற்றலாம். மாற்றிய பின், ஒலிகள் தவறி அழியாமல் காக்கும் பூட்டான மெமரி புரடெக்டை நிறுத்திவிட்டு ஃபைலைத் திரும்ப ஏற்றுங்கள்.

ஒரு விதத்தில் உங்களுக்கு நல்ல காலம். அந்தக் காலத்து வேறு கீபோர்ட்களைப் பாருங்கள். கோர்க் பொலிசிக்ஸில் இருந்த நிக்கல் காட்மியம் பற்றரி கசிந்து போர்டையே அரித்துவிடும். ரோலண்ட் ஜூனோ 106இல் ஒலியை உண்டாக்கும் சிப்புகளே செத்துப்போகும். உங்களுடையது நாணயம் அளவு பற்றரியோடு முடிகிற காரியம். ஆகவே ‘பழைய சாமான்’ என்ற பேச்சை நான் ஏற்கவில்லை.

நம்மூரில் கடல் காற்றும் மாரி ஈரமும்தான் பெரிய பகை. பொலித்தீனால் மூடாதீர்கள், ஈரம் உள்ளேயே நிற்கும். பருத்தித் துணி போதும். வாரம் ஒரு முறையாவது போட்டு வாசியுங்கள். பின்பக்கம் 100 வோல்ட் என்று எழுதியிருந்தால் அது ஜப்பானில் விற்ற கருவி. நம் 230 வோல்ட்டில் நேரே செருகினால் எரிந்துவிடும், டிரான்ஸ்ஃபோமர் வேண்டும். திருத்துபவரிடம் கொண்டுபோகும் முன் அதையும் ஒரு தரம் பார்த்துவிடுங்கள்.