அயர்லாந்தில் சாவு வீட்டில் கண்ணாடியை மூடி, கடிகாரத்தை நிறுத்திவிடுவார்களாமே, உண்மையா?

உண்மைதான், ஆனால் இப்போது எல்லா வீட்டிலும் இல்லை. நான் இருப்பது நாட்டின் மேற்குக் கடற்கரையில், மாயோ மாவட்டத்துப் பக்கம். வயதானவர்கள் உள்ள வீடுகளில் இன்னும் இதைப் பார்க்கலாம்.

உயிர் பிரிந்ததும் ஆன்மா வெளியேற ஜன்னலைத் திறந்துவைப்பார்கள். குறுக்கே யாரும் நிற்கக் கூடாது. சற்று நேரத்தில் மூடிவிடவும் வேண்டும், இல்லாவிட்டால் போனது திரும்பிவிடுமாம். அடக்கம்வரை உடலைத் தனியே விடமாட்டார்கள். ராத்திரி முழுக்க யாராவது பக்கத்தில் உட்கார்ந்திருப்பார்கள். இதைத்தான் 'வேக்' என்கிறார்கள். ஈயக் கலப்புக் குவளையில் குடித்து மயங்கியவன் எழுந்துவிடுவானோ என்று காத்திருந்ததில் வந்த வழக்கம் என்று இணையத்தில் ஒரு கதை சுற்றுகிறது. அது கட்டுக்கதை, நம்பாதீர்கள்.

பழைய வேக்கில் ஒப்பாரியும் உண்டு. கூலிக்கு வந்து பாடும் பெண்கள்கூட இருந்தார்கள். ஆனால் உடலைக் குளிப்பாட்டி உடுத்திக் கிடத்தும்வரை யாரும் வாய்விட்டு அழக் கூடாது. அழுதால், ஆன்மாவைப் பிடிக்கக் காத்திருக்கும் சாத்தானின் நாய்கள் விழித்துக்கொள்ளுமாம்! இன்னொரு பக்கம் களிமண் குழாயில் புகையிலை, சாராயம், சீட்டு, விளையாட்டு என்று ஒரே கூத்து. கத்தோலிக்க ஆயர்கள் நூற்றாண்டுக் கணக்கில் தடை போட்டும் லேசில் அடங்கவில்லை. ஒப்பாரியும் இருபதாம் நூற்றாண்டில் மெல்ல மறைந்துவிட்டது.

சவப்பெட்டியைத் தூக்கியதும் அது வைத்திருந்த நாற்காலிகளைக் கவிழ்த்துவிடுவதும் உண்டு.

எனக்குப் பிடித்தது இடுகாட்டு நம்பிக்கைதான். கடைசியாகப் புதைக்கப்பட்டவர்தான் அந்த இடுகாட்டுக்குக் காவல். அடுத்த ஆள் வரும்வரை, சொர்க்கம் போகும் முன் பாவம் தீரக் காத்திருக்கும் உத்தரிக்கிற ஸ்தலத்தில் தவிக்கும் ஆன்மாக்களுக்குத் தண்ணீர் சுமப்பதும் அவர் பொறுப்பு என்பார்கள். ஒரே நாளில் இரண்டு சாவு விழுந்தால்? நம் ஆள் மாட்டிக்கொள்ளக் கூடாது என்று அந்தக் காலத்தில் இரண்டு ஊர்வலமும் வாசலை நோக்கி ஓடும். வழியில் கைகலப்பும் நடந்திருக்கிறது. 1937 முதல் 1939 வரை பள்ளிப் பிள்ளைகளை விட்டு ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டு எழுதவைத்த நாட்டார் வழக்குத் தொகுப்பு இணையத்தில் இலவசமாகவே இருக்கிறது. இந்த மாதிரிக் கதைகளுக்கு அதுதான் சுரங்கம்.

திங்கட்கிழமை குழி தோண்டக் கூடாது என்றும் சில ஊர்களில் விதி. அதற்குப் பரிகாரமும் அவர்களே வைத்திருக்கிறார்கள்: ஞாயிறன்றே போய் ஒரு புல்கட்டியைப் பெயர்த்து வைத்துவிட்டால் போதும், வேலை நேற்றே தொடங்கியதாகக் கணக்கு.

பான்ஷீ பற்றியும் கேட்பீர்கள். சாவை முன்கூட்டி அழுது சொல்லும் அந்தப் பெண் ஆவி எல்லோருக்கும் வரமாட்டாள். ஓ'நீல், ஓ'பிரையன் மாதிரிப் பழங்குடும்பங்களுக்குத்தான். தரையில் கிடக்கும் சீப்பை எடுக்காதே என்பார்கள், அது அவளுடையதாக இருக்கலாம்.

நீங்கள் இங்கே குடிவந்து, தெருவில் ஒரு சாவு நடந்தால்: உள்ளூர் வானொலியில் தினமும் மரண அறிவிப்பு வாசிப்பார்கள், ஆர்ஐபி டாட் ஐஇ தளத்திலும் வரும். 'ஹவுஸ் பிரைவேட்' என்று போட்டிருந்தால் வீட்டுக்குப் போகாதீர்கள். இல்லையென்றால் அதிகப் பழக்கம் இல்லாவிட்டாலும் போகலாம். வரிசையில் நின்று குடும்பத்தாரின் கையைப் பிடித்து 'சாரி ஃபார் யுவர் ட்ரபிள்' என்றால் போதும். டீயும் சாண்ட்விச்சும் தருவார்கள், வேண்டாம் என்று மட்டும் சொல்லாதீர்கள்.