பில்லை நிறுத்தி வைத்தால் சிக்கனமா?

கேள்வி: சிட்கோ எஸ்டேட்டில் சிறிய வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறேன். அரசு விடுதிகளுக்கு இரும்புக் கட்டில் செய்து கொடுத்த 8 லட்சம் ரூபாய் பில் 9 மாதமாக நிற்கிறது. கேட்டால், "செலவுக் கட்டுப்பாடு, அலாட்மென்ட் (நிதி ஒதுக்கீடு) வரவில்லை" என்கிறார்கள். 4 சதவீதம் தந்தால் பாஸ் பண்ணித் தருவதாக ஒருவர் சொல்கிறார். என்ன செய்யலாம்?

பதில்: அந்த 4 சதவீத ஆசாமியை வாசலோடு அனுப்பிவிடுங்கள். அலாட்மென்ட் இல்லாத பில்லை அவரால் அசைக்க முடியாது. வந்துவிட்டால் அவரே தேவையில்லை. பில் கருவூலத்துக்குப் போகும் சேதியை முன்கூட்டியே மோப்பம் பிடித்து, தானாக வரும் பணத்துக்குக் கமிஷன் அடிப்பதுதான் இவர்கள் பிழைப்பு.

பில் எங்கே கிடக்கிறது என்று நீங்களே தெரிந்துகொள்ளலாம். 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி தகவல் உரிமை மனு போடுங்கள். பில் பதிவேட்டில் உங்கள் வரிசை எண், அலாட்மென்ட் கேட்டு எழுதிய கடிதத்தின் நகல், உங்களுக்குப் பின்னால் வந்து முன்னால் பாஸான பில்களின் விவரம், இந்த மூன்றையும் கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். மூன்றாவது கேள்விக்குப் பயந்தே ஃபைல் நகர்வதுண்டு.

கூடவே, 2006-ம் வருட எம்எஸ்எம்இ (குறு, சிறு, நடுத்தரத் தொழில்) சட்டப்படி வட்டி கேட்டுப் பதிவுத் தபால் அனுப்புங்கள். ஆர்டரில் தவணை குறிப்பிடவில்லை என்றால், சரக்கை ஏற்றுக்கொண்டதிலிருந்து பணம் தர 15 நாள் கெடு. எழுதியிருந்தாலும் 45 நாளுக்கு மேல் செல்லாது. அதன் பிறகு ரிசர்வ் வங்கி அறிவிக்கும் பேங்க் ரேட் என்ற வட்டி விகிதத்தைப் போல மூன்று மடங்கு, மாதாமாதம் கூட்டுவட்டி. பேங்க் ரேட் 6 சதவீதம் என்று வைத்தால் உங்கள் 8 லட்சத்துக்கு 8 மாத வட்டியே ஒரு லட்சத்தைத் தாண்டும். "பெயிண்ட் உரிகிறதே" என்று இப்போது இழுத்தால் எடுபடாது. டெலிவரியான 15 நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபம் வரவில்லை என்றால் ஏற்றுக்கொண்டதாகத்தான் கணக்கு. டெலிவரி சலானும் ஸ்டாக் பதிவேட்டில் ஏற்றிய சான்றும் பத்திரம்.

அதற்கும் அசையாவிட்டால், சிறு தொழில்களின் பாக்கி வழக்குகளைத் தீர்க்க இதே சட்டத்தில் உள்ள ஃபெசிலிடேஷன் கவுன்சிலில் மனு. மாவட்டத் தொழில் மையத்தில் வழி சொல்வார்கள். 90 நாளில் முடிக்க வேண்டும் என்கிறது சட்டம். நீங்கள் அதை நம்பி யாருக்கும் செக் கொடுத்துவிடாதீர்கள். ஆனால் கவுன்சில் தீர்ப்பை எதிர்த்துத் துறை கோர்ட்டுக்குப் போனால் 75 சதவீதத்தை முதலில் கட்டியாக வேண்டும்.

இந்த வட்டியைக் கேட்கும் முன், சிறு தொழிலாகப் பதிவு செய்ததற்கான உத்யம் சான்றிதழை எடுத்துப் பாருங்கள். அதில் தொழில் தொடங்கிய தேதி வேறு, பதிவு செய்த தேதி வேறு. பார்க்க வேண்டியது பதிவுத் தேதி. அது ஆர்டருக்கு முந்தையதாக இருக்க வேண்டும். பின்னால் எடுத்த பதிவு பழைய சப்ளைக்கு உதவாது என்று உச்ச நீதிமன்றம் 2022-ல் சொல்லிவிட்டது. இந்தக் கேள்வி 2025-ல் பெரிய அமர்வுக்கு அனுப்பப்பட்டது உண்மைதான். அதை நம்பிப் பதிவைத் தள்ளிப்போடாதீர்கள். பதிவு இலவசம். கவ் டாட் இன் என்று முடியாத தளம் பணம் கேட்டால் மூடிவிடுங்கள். வாங்கி விற்கும் வியாபாரிக்கு இந்த வட்டி கிடையாது.

இதற்குச் செலவுக் கட்டுப்பாடு என்று பெயர் வைத்ததுதான் எரிச்சல். அரசுக் கணக்கு ரொக்கக் கணக்கு. பணம் வெளியே போனால்தான் செலவு. பில்லை ஏப்ரலுக்குத் தள்ளினால் இந்த வருடப் பற்றாக்குறை குறைந்ததாகத் தெரியும். கடன் மட்டும் பட்டறைக்காரர் தலையில். அடுத்த டெண்டரில் எல்லோரும் அந்த வட்டியைச் சேர்த்தே விலை போடுவார்கள். தாங்க முடியாத சிறு பட்டறைகள் டெண்டர் பக்கமே வராது. மிச்சம் எங்கே?

மார்ச் 31-ஐ மறக்காதீர்கள். அன்றோடு செலவாகாத அலாட்மென்ட் காலாவதி. ஏப்ரல் முதல் வாரத்திலேயே, புதிய அலாட்மென்ட்டில் உங்கள் பில்லைச் சேர்க்கச் சொல்லி இன்னொரு கடிதம் கொடுத்து, நகலில் சீல் வாங்கிக்கொள்ளுங்கள்.